ஸ்விஸ் மெஷினா, ஜப்பான் மெஷினா? கைக்கடிகாரங்களை எதை வைத்து ஒப்பிடுவது

பாரிமுனையில் கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மெஷின் ஸ்விஸா, ஜப்பானா?" அடுத்த கேள்வி, "எத்தனை ஜுவல்?", அதாவது மெஷினுக்குள் எத்தனை கல் என்று. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கடிகாரத்தின் தரம் தெரிந்துவிட்டது என்று வடசென்னையில் வண்ணாரப்பேட்டை முதல் பெரம்பூர் வரை பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாட்டின் பெயரும் ஜுவல் எண்ணிக்கையும் ஒரு கடிகாரத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன.

எதைப் பார்க்க வேண்டும் என்பதை இரண்டு கடிகாரங்களை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஒன்று, பிரெஞ்சு நிறுவனமான பால்டிக்கின் அக்வாஸ்கேஃப். மற்றொன்று, பிரிட்டிஷ் நிறுவனமான கிறிஸ்டோபர் வார்டின் சி60 ட்ரைடென்ட் ப்ரோ 300. இரண்டும் நடுத்தர விலை, இரண்டும் பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் வகை, இரண்டும் நீரில் முக்குளிப்போருக்கான வடிவமைப்பு. முதலாவதில் ஜப்பான் மெஷின், இரண்டாவதில் ஸ்விஸ் மெஷின். நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

சாவி கொடுத்தபின் உள்ளே நடப்பது

கடைக்காரர்கள் மெஷின் என்று சொல்வதைத்தான் தயாரிப்பாளர்கள் மூவ்மென்ட் என்கிறார்கள்: முகப்புக்கும் பின்மூடிக்கும் நடுவில் இருக்கும் இயந்திரம் முழுவதும் அதுதான்.

வியாசர்பாடியில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடங்களுடன் கூட்டம் முன்னோக்கி நெருக்குகிறது. அந்த நெருக்கலை அப்படியே விட்டால் ஒரே நிமிடத்தில் எல்லாம் குலைந்துவிடும். குழாயைப் பிடித்திருக்கும் பெண்மணி ஒரு குடத்தை நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததை உள்ளே விடுகிறார். கூட்டத்தின் விசை பின்னாலிருந்து ஓயாமல் தள்ளுகிறது, ஆனால் வரிசை ஒவ்வொரு குடமாகத்தான் நகர்கிறது.

கடிகாரத்திலும் இவ்வளவுதான். பின்னாலிருந்து தள்ளும் விசையைத் தருவது மெயின்ஸ்பிரிங். அது ஓர் உருளைக்குள் இறுக்கிச் சுற்றப்பட்ட நீண்ட எஃகு நாடா. சாவி கொடுக்கும்போது நாம் இறுக்குவது இதைத்தான். ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் ரோட்டார் என்ற அரைவட்ட எடை கையசைவில் சுழன்று இதே வேலையைச் செய்கிறது. இறுகிய நாடா விரிய முயல்கிறது. அதன் விசை பற்சக்கரங்களின் வரிசை வழியாக முன்னே போகிறது. வரிசையின் முடிவில் எஸ்கேப்மென்ட் இருக்கிறது. கடைசிச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக மட்டும் விடும் பூட்டு அது. காதருகே வைத்தால் கேட்கும் டிக் டிக், அந்தப் பூட்டில் பல் வந்து மோதும் ஒலி.

லாரியோடு ஒப்பிடுவது இந்த இடத்தோடு முடிகிறது. கூட்டம் அதிகமாக நெருக்கினால் குழாய் பிடித்திருப்பவரும் அவசரப்படுவார். கடிகாரத்தில் அப்படி நடக்கக் கூடாது. நாடா முழுவதும் இறுகியிருந்தாலும் பாதி தளர்ந்திருந்தாலும் பல் ஒரே வேகத்தில்தான் விடுபட வேண்டும்.

வேகத்தை நிர்ணயிப்பது எது

அந்தக் கட்டுப்பாட்டைத் தருவது பேலன்ஸ் வீல். இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஆடும் சிறு சக்கரம் இது. இதன் அச்சில் தலைமுடியைப் போல் மெல்லிய சுருள்கம்பி பொருத்தப்பட்டிருக்கிறது, அதன் பெயர் ஹேர்ஸ்பிரிங். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675-இல் இதை வெளியிட்ட பிறகுதான் சட்டைப்பைக் கடிகாரங்கள் நம்பத்தக்கவையாக மாறின.

சக்கரம் எவ்வளவு தூரம் திரும்புகிறதோ, அதே விகிதத்தில் சுருள்கம்பி அதைத் திருப்பி இழுக்கிறது. அதிகம் திரும்பினால் இழுப்பும் அதிகம், ஆகவே திரும்பி வரும் வேகமும் அதிகம். குறைவாகத் திரும்பினால் இழுப்பும் குறைவு. இதனால் பெரிய ஆட்டமும் சிறிய ஆட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகின்றன. பின்னாலிருக்கும் விசை கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் வேகம் மாறாமல் ஓடுவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பேலன்ஸ் வீல் பூட்டைத் திறந்து ஒரு பல்லை விடுகிறது. விடுபட்ட பல் போகிற போக்கில் சக்கரத்துக்கு ஒரு சிறு தள்ளு கொடுத்துவிட்டுப் போகிறது. அந்தத் தள்ளு இல்லாவிட்டால் ஆட்டம் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

கையால் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா மணிக்கு 18,000 முறை ஆடும், அதாவது வினாடிக்கு ஐந்து. நாம் எடுத்துக்கொண்ட இரண்டு கடிகாரங்களும் மணிக்கு 28,800 முறை, வினாடிக்கு எட்டு. ஒரு நாளில் 6,91,200 ஆட்டங்கள். வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிவது இதனால்தான்.

சுருக்கமாக: மெயின்ஸ்பிரிங் விசை தருகிறது, எஸ்கேப்மென்ட் அதைத் துண்டு துண்டாக விடுகிறது, பேலன்ஸ் வீலும் ஹேர்ஸ்பிரிங்கும் அந்தத் துண்டின் நீளத்தை நிர்ணயிக்கின்றன. கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டைப் பொறுத்தது.

ஜுவல் கணக்கு

ஜுவல் என்பது செயற்கை மாணிக்கக்கல். பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னாய் 1902-இல் வெளியிட்ட முறையில் மாணிக்கத்தை ஆலையில் உருவாக்க முடிந்தபின் இது மலிவான பொருளாகிவிட்டது. நகைக்கடை மதிப்பு இதற்கு இல்லை. சக்கரங்களின் எஃகு அச்சு உலோகத் துளையில் சுழன்றால் சீக்கிரம் தேயும், கல்லில் சுழன்றால் உராய்வு குறையும். அதற்காகத்தான் கல்.

கையால் சாவி கொடுக்கும் சாதாரண மூவ்மென்ட்டில் கல் தேவைப்படும் இடங்கள் அனைத்தையும் 17 ஜுவல் நிரப்பிவிடும். ஆட்டோமேட்டிக்கில் ரோட்டார் சார்ந்த சக்கரங்கள் கூடுவதால் சில கற்கள் கூடும். பால்டிக்கில் உள்ள மெஷினில் 24 கற்கள், கிறிஸ்டோபர் வார்டில் உள்ளதில் 26. அந்த இரண்டு கற்களின் வித்தியாசம் இரண்டு இயந்திரங்களின் அமைப்பு வேறு என்பதைக் காட்டுகிறது, வேறெதையும் காட்டவில்லை.

தனித்து இயங்கும் நிறுவனம் என்றால்

இன்டிபென்டன்ட் பிராண்ட் என்ற பேச்சு நம் பகுதி இளைஞர்களிடமும் அதிகமாகக் கேட்கிறது. இதிலும் குழப்பம் உண்டு. தனித்து இயங்கும் நிறுவனம் என்றால் எல்லாவற்றையும் தானே தயாரிக்கும் நிறுவனம் என்று நினைக்கிறார்கள்.

அது உடைமையைப் பற்றிய செய்தி மட்டுமே. ஒமேகா, லாஞ்சின், டிஸ்ஸாட் போன்றவை ஸ்வாட்ச் குழுமத்துக்குச் சொந்தம். கார்ட்டியே, ஐ.டபிள்யூ.சி. ஆகியவை ரிச்மோண்ட் குழுமத்துக்கு. இப்படிப்பட்ட பெருங்குழுமம் எதிலும் சேராதவை தனித்து இயங்கும் நிறுவனங்கள். 2004-இல் தொடங்கிய கிறிஸ்டோபர் வார்டும், 2017-இல் எத்தியென் மாலெக் தொடங்கிய பால்டிக்கும் அப்படிப்பட்டவை. பெங்களூரில் 2018-இல் தொடங்கப்பட்ட பெங்களூர் வாட்ச் கம்பெனியையும் இவ்வரிசையில் சேர்க்கலாம்.

இவர்கள் உடலையும் முகப்பையும் முள்ளையும் வடிவமைக்கிறார்கள். மூவ்மென்ட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குகிறார்கள். இதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பல லட்சம் கடிகாரங்களில் ஓடிப் பழகிய ஓர் இயந்திரம், ஒரு சிறு நிறுவனம் தனக்காக மட்டும் செய்துகொண்ட இயந்திரத்தைவிட நம்மைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பானது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம்.

இரண்டு மெஷின்கள், அருகருகே

பால்டிக் அக்வாஸ்கேஃபில் இருப்பது மியோட்டா 9039. மியோட்டா ஜப்பானின் சிட்டிசன் குழுமத்தைச் சேர்ந்தது. ட்ரைடென்ட் ப்ரோ 300-இல் இருப்பது செலிட்டா எஸ்.டபிள்யூ.200-1. செலிட்டா 1950-இல் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் நகரில் தொடங்கப்பட்டது. ஸ்வாட்ச் குழுமத்தின் ஈ.டி.ஏ. நிறுவனத்துக்காக மூவ்மென்ட்களைக் கோத்துக் கொடுத்துவந்த நிறுவனம் இது. ஈ.டி.ஏ. வெளியாருக்கு மூவ்மென்ட் தருவதைக் குறைக்கப்போவதாக ஸ்வாட்ச் குழுமம் அறிவித்தபின், காப்புரிமை முடிந்துவிட்ட ஈ.டி.ஏ. 2824 என்ற மூவ்மென்ட்டின் அமைப்பைப் பின்பற்றிச் செலிட்டா சொந்தமாகத் தயாரித்ததுதான் எஸ்.டபிள்யூ.200.

மியோட்டாவின் தடிமன் 3.9 மில்லிமீட்டர், செலிட்டாவுடையது 4.6. மெல்லிய மெஷின் இருந்தால் மெல்லிய கடிகாரம் செய்ய வழி கிடைக்கிறது. ஆனால் குவிந்த கண்ணாடியும் தடித்த பின்மூடியும் அந்த ஆதாயத்தை எளிதில் விழுங்கிவிடும். ஆகவே தடிமன் வேண்டாம் என்பவர் கடிகாரத்தை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மியோட்டாவின் ரோட்டார் ஒரு திசையில் சுழலும்போது மட்டும் நாடாவை இறுக்கும். எதிர்த்திசையில் தடையில்லாமல் சுற்றும். கையை வீசினால் அந்தச் சுழற்சியைச் சிலர் மணிக்கட்டில் உணர்வார்கள், அமைதியான அறையில் ஒலியும் கேட்கும். இதைப் பழுது என்று நினைத்து ரிப்பேர் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பழுது ஒன்றும் இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். செலிட்டா இரு திசைகளிலும் இறுக்கும்.

ஒருமுறை முழுதாக இறுக்கினால் மியோட்டா 42 மணி நேரம் ஓடும். ட்ரைடென்ட்டுக்கு 38 மணி நேரம். நான்கு மணி நேரம் கூடுதல் என்று இதைப் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போனால், ஒன்று ஞாயிறு காலை எட்டு மணிக்கு நிற்கும், மற்றொன்று அன்று நண்பகலில் நிற்கும். திங்கள் காலை அலுவலகம் கிளம்பும்போது இரண்டும் நின்றுதான் இருக்கும். எழுபது மணி நேரத்தைத் தாண்டினால்தான் இந்த எண் வாழ்க்கையில் பயன்படத் தொடங்குகிறது.

ஒரு நாளில் எத்தனை வினாடி

ஒப்பீட்டின் மையம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மியோட்டா 9039 ஒரு நாளில் 10 வினாடி பின்தங்கலாம் அல்லது 30 வினாடி முந்தலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு சொல்கிறது. ட்ரைடென்ட்டுக்குக் கிறிஸ்டோபர் வார்ட் சொல்லும் வரம்பு, இரு பக்கமும் 20 வினாடி. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் 30 பெரியது, 20 சிறியது, ஆகவே ஸ்விஸ் மேல் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்தங்கும் 10-லிருந்து முந்தும் 30 வரை மொத்த அகலம் 40 வினாடி. இரு பக்கமும் 20 என்றாலும் அகலம் அதே 40 வினாடிதான். மியோட்டாவின் வரம்பு முந்தும் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. வரம்பின் அகலத்தில் ஸ்விஸுக்கும் ஜப்பானுக்கும் இங்கே ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்லை.

இவை எல்லை வரம்புகள். உங்கள் கையிலுள்ள குறிப்பிட்ட கடிகாரம் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது ரெகுலேஷன். ஹேர்ஸ்பிரிங்கின் செயல்படும் நீளத்தை இம்மியளவு கூட்டியோ குறைத்தோ வேகத்தைத் திருத்தும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். கம்பி குறுகினால் கடிகாரம் வேகமாக ஓடும், நீண்டால் மெதுவாக ஓடும். சிறிய நெம்புகோல் ஒன்றை நகர்த்திச் செய்யும் இந்த வேலைக்கு அனுபவமுள்ள கை வேண்டும். ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டு மெஷின்களில் ஒன்று நாளுக்கு மூன்று வினாடியும் மற்றொன்று பதினைந்து வினாடியும் தவறுவதற்கு இந்த ஒரு வேலையில் காட்டிய அக்கறையே காரணமாக இருக்க முடியும்.

கடிகாரம் இருக்கும் நிலையும் வேகத்தை மாற்றும். முகப்பு மேலே பார்க்கப் படுத்திருக்கும்போது ஒரு வேகம், சாவிப் பக்கம் கீழே இருக்க நிற்கும்போது இன்னொன்று. புவியீர்ப்பும் அச்சின் உராய்வும் நிலைக்கு நிலை மாறுவதே காரணம். தயாரிப்பாளர்கள் ஒரே மெஷினைப் பல தரங்களில் விற்பதும் இதனால்தான். செலிட்டாவில் ஸ்டாண்டர்டு, ஸ்பெஷல், பிரீமியம், குரோனோமீட்டர் என நான்கு தரங்கள் உண்டு. தரம் ஏற ஏறப் பல நிலைகளில் வைத்துச் சோதித்துத் திருத்துவார்கள். ஆகவே 'ஸ்விஸ் மெஷின்' என்பதோடு நிற்காமல், "எந்தத் தரம்? எத்தனை நிலைகளில் திருத்தியது?" என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்ல முடியாவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு நாளில் 86,400 வினாடிகள். அதில் பத்து வினாடி தவறினாலும் பிழை நூற்றுக்கு 0.012தான். பேட்டரியில் ஓடும் ஐந்நூறு ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் துல்லியமாக ஓடும், ஏனென்றால் அதற்குள் இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. துல்லியம் மட்டுமே வேண்டுமென்றால் குவார்ட்ஸ் வாங்குவதே அறிவு. மின்சாரம் துளியும் இல்லாமல் சுருளும் பல்லும் மட்டுமே இத்தனை நெருக்கமாக நேரத்தைக் காக்கின்றன என்பதில் மகிழ்கிறவர்களுக்குத்தான் மெக்கானிக்கல் கடிகாரம்.

சுருக்கமாக: வரம்பின் அகலத்தைப் பாருங்கள், தரத்தைக் கேளுங்கள், ரெகுலேஷன் யார் செய்தார்கள் என்று விசாரியுங்கள். நாட்டின் பெயர் இந்த மூன்றுக்கும் பின்னால் வரட்டும்.

ஜப்பான் மெஷின் மட்டமா

நம் பகுதியில் ஊறிப்போன எண்ணம் இது. மில் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, ரயில்வே ஊழியர் என்று வடசென்னையின் ஒரு தலைமுறையே கையில் கட்டியிருந்தது எச்.எம்.டி. அந்தக் கடிகாரங்கள் நாற்பது ஆண்டு தாண்டியும் ஓடுவதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமை நியாயமானது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார ஆலை தொடங்கியது ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான். இன்றைய மியோட்டா அதே சிட்டிசன் குழுமம். எச்.எம்.டி.யைப் புகழ்ந்துகொண்டே ஜப்பான் மெஷின் மட்டம் என்று சொல்வதில் பொருத்தம் இல்லை.

வியர்வை, உப்புக்காற்று, காந்தம்

அக்வாஸ்கேஃப் 200 மீட்டர், ட்ரைடென்ட் 300 மீட்டர் நீர்த்தாங்கும் திறன் கொண்டவை. இந்த மீட்டர் ஆழத்தைக் குறிப்பதைவிட ஆலையில் சோதித்த அழுத்தத்தைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி. பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். இரண்டிலும் திருகி மூடும் சாவிதான். அதைத் திருகாமல் விட்டால் 300 என்ற எண் பொருளற்றுப் போகும். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ குடியிருப்பவருக்கு இருநூறும் முந்நூறும் ஒன்றே. அவர் கவலைப்பட வேண்டியது உள்ளேயிருக்கும் ரப்பர் வளையத்தைப் பற்றி. அது வயதாக ஆகக் கெட்டிப்பட்டு வெடிக்கும். நீர் வெளியே நிற்பதற்குக் காரணம் அந்த வளையம்தான்.

எஃகுச் செயினின் இடுக்குகளில் வியர்வை உப்பும் கடற்காற்று உப்பும் தங்கினால் துருப்பிடிக்காத எஃகிலும் சிறு குழிகள் விழும். சாவியைத் திருகி மூடிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைப்பது போதும்.

காந்தம் இன்னொன்று. ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கம்பி குறுகியதுபோல் ஆகிவிடும், கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தும். பட்டறையில் வெல்டிங் கேபிள் அருகே வேலை செய்பவர்களும், ஸ்பீக்கர் மேல் கடிகாரத்தைக் கழற்றி வைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இப்படி முந்தும் கடிகாரத்தை உடனே ரெகுலேஷன் செய்யக் கொடுக்காதீர்கள். முதலில் காந்தம் நீக்கச் சொல்லுங்கள், சில நொடி வேலை.

சர்வீஸ் செய்யப்போவது யார்

என் கணிப்பில் பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது. சர்வீஸ் என்றால் மூவ்மென்ட்டை முழுதும் பிரித்து, கழுவி, புதிய எண்ணெய் இட்டு, மறுபடி கோத்து, ரெகுலேஷன் செய்வது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு இது. இவ்விரு நிறுவனங்களும் பெரும்பாலும் இணையம் வழியாக நேரடியாக விற்கின்றன. ஆகவே வாங்கிய கடை என்று போய் நிற்க நம் ஊரில் ஓர் இடம் இருக்காது.

ஈ.டி.ஏ. 2824-ஐப் பிரித்துப் பழகிய எவருக்கும் செலிட்டா 200 புதிதல்ல, அமைப்பு ஏறக்குறைய அதுவே. மியோட்டாவின் கணக்கு வேறு. பழுது பெரிதென்றால் பிரித்துச் சரிசெய்வதைவிட முழு மெஷினையும் மாற்றிவிடுவது பல நேரங்களில் மலிவு. இரண்டுமே நல்ல வழிகள்தான். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை, பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கடிகார ரிப்பேர்காரரிடம் மெஷினின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். "அண்ணே, மியோட்டா 9039 பிரிப்பீங்களா, செலிட்டா 200-க்கு உதிரிப் பாகம் கிடைக்குமா" என்ற ஒரு கேள்வி போதும்.

விலையை ஒப்பிடும்போது வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தபிறகு வரும் தொகையைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கால வடிவம் பிடித்து, செலவைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவருக்குப் பால்டிக். இருபது ஆண்டுக்கு மேல் இதே மெஷினைப் பிரித்துக் கோத்து வைத்துக்கொள்ள நினைப்பவருக்கும், ரோட்டார் ஒலி பிடிக்காதவருக்கும் கிறிஸ்டோபர் வார்ட். எதை வாங்கினாலும் வந்த நாள் முதல் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்துகிறது, பின்தங்குகிறது என்று குறித்து வையுங்கள். வரம்பைத் தாண்டினால் உத்தரவாதக் காலத்துக்குள் அந்தக் குறிப்போடு நிறுவனத்துக்கு எழுதலாம். வரம்புக்குள் இருந்தும் உங்களுக்குத் திருப்தியில்லை என்றால், உத்தரவாதம் முடிந்தபின் இங்கேயே ரெகுலேஷன் செய்துகொள்ளலாம். பின்மூடியைத் திறந்த பிறகு ரப்பர் வளையத்தை மாற்றி, நீர் அழுத்தச் சோதனையும் செய்து தரச் சொல்லுங்கள்.